பிளாக் பட்லர் இரண்டாம் சீசன்: சியேல் எங்கே?

'பிளாக் பட்லர்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் இரண்டாம் சீசனைத் திறந்தால் நாயகச் சிறுவன் சியேலைக் காணோமே, தவறான தொடரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, நீங்கள் தவறான தொடரைத் திறக்கவில்லை. இரண்டாம் சீசனின் முதல் எபிசோடு அலோயிஸ் டிரான்சி என்ற புதுப் பையனோடுதான் தொடங்கும். கடைசி நிமிடங்கள் வரை பாருங்கள். கறுப்பு உடையில் வரும் பயணி சுமந்து வந்த பெட்டிக்குள் யார் தூங்குகிறார் என்று தெரிந்துவிடும்.

குழப்பத்துக்குக் காரணம், 2010இல் வந்த இந்த 12 எபிசோடுகளின் கதை, தொடரின் மூலமான மாங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) கிடையாது. முதல் சீசனில் கதை முடிந்துவிட்டதால், சியேலின் நினைவை அழித்து, பெற்றோரின் கொலைக்கான அவனது பழிவாங்கலை மறுபடி தொடங்குகிறார்கள். எனக்குப் பெரிய குறை இதுதான். ஏற்கெனவே முடிந்த கணக்கைத் திரும்பப் போடுவதால் மர்மம் நீர்த்துப் போகிறது.

ஆனால் அலோயிஸுக்காகப் பார்க்கலாம். பணிப்பெண்ணின் கண்ணைக் குத்தும் அதே பையன், இருட்டைக் கண்டால் நடுங்கி பட்லர் கிளாடைத் தேடுகிறான். வெறுக்கவும் முடியாது, விடவும் மனம் வராது. அவனைப் பாதியில் ஓரங்கட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த சீசனான 'சர்க்கஸ்' (Book of Circus) பார்க்க இந்த இரண்டாம் சீசன் அவசியமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவசியமில்லை. 2014இல் வந்த அது மாங்கா வழியில் போகிறது. முதல் சீசனின் 15ஆம் எபிசோடில், கறி சமையல் போட்டி முடியும் இடத்தை நினைவுபடுத்திக்கொண்டு நேரே அதற்குப் போங்கள்.

ஒன்று மட்டும்: இரண்டாம் சீசனின் முடிவை மனதில் வைத்துக்கொண்டு சர்க்கஸைப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. அப்புறம், சிறுவர்கள் மீதான வன்கொடுமை கதையில் வருகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.