ஈர நெல்லும் மார்கழித் தட்டுப்பாடும்

வணக்கம் அண்ணா,

இலங்கையில் அரிசி விலை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். உங்கள் நாடு அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் 2024 டிசம்பரில் கடைகளில் நாட்டரிசி (‘நாடு’ என்னும் வகை அரிசி) கிடைக்காமல் இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்தார்கள். விளைச்சல் போதுமென்றால் தட்டுப்பாடு எப்படி வருகிறது? விவசாயிகள் பதுக்குகிறார்களா? நான் வேலை செய்யும் சிங்கப்பூரில் வயல் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அரிசி இல்லையென்று கடைக்காரர் கைவிரித்து நான் பார்த்ததில்லை. உரத்துக்கும் தண்ணீருக்கும் இவ்வளவு செலவழிப்பதைவிட வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே?

க., சிங்கப்பூர்

அன்புள்ள க.,

விவசாயி பதுக்குகிறானா என்று கேட்டிருக்கிறீர்கள். பதுக்க அவனிடம் நெல் இருந்தால்தானே? அறுவடை முடிந்த கிழமையே அது அவன் கையை விட்டுப் போய்விடுகிறது. உங்கள் முதல் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

கிழக்கிலங்கையில் அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் பெரும்போக (மாரிகாலப் பயிர்) வெட்டு ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகும். முன்பு கையால் வெட்டி, உப்பட்டி (வெட்டிப் போட்ட கதிர்) காயவிட்டு, சூடு (கதிர்க் குவியல்) வைப்பார்கள். சூட்டிலே நெல் நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் கிடந்து காயும். வசதிப்பட்ட நேரத்தில் அடித்துக்கொள்ளலாம். இப்போது அறுவடை இயந்திரம் ஒரு பகலுக்குள் வயலை முடித்துவிடுகிறது. வேலை மிச்சம், கூலி மிச்சம், உண்மைதான். ஆனால் இயந்திரத்திலிருந்து கொட்டுகிற நெல் ஈர நெல். அதைக் காயப்போட மேடை வேண்டும், வெயில் வேண்டும். தை, மாசியில் கிழக்கில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தார் வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிவிட்டு, மேகம் கறுத்தால் மூடுகிற படங்கை (தார்ப்பாய்) இழுத்துக்கொண்டு குடும்பமே ஓடுவதை அந்த மாதங்களில் எந்த ஊரிலும் பார்க்கலாம்.

அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலை கொடுக்கிறது. 2025இல் நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. ஆனால் 14 சதவீத ஈரப்பதன் உள்ள காய்ந்த நெல்லுக்குத்தான் அந்த விலை. வரம்பருகே லொறியோடு நிற்கிற வியாபாரி ஈரத்தைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார். விலையைக் குறைப்பார், மூடைக்கு ஒன்றிரண்டு கிலோ கழிப்பார், காசை அங்கேயே எண்ணிக் கொடுப்பார். அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறுகிறது, உரக்கடைக்காரர் காத்திருக்கிறார், இயந்திரக்காரருக்கு அன்றைக்கே கூலி. இந்த நிலையில் எவன் நெல்லைக் காயவைத்து, மூடை கட்டி, களஞ்சியசாலை வாசலில் வரிசையில் நிற்பான்? அந்த விலையும் பெப்ரவரியில்தான் அறிவிக்கப்பட்டது. அதற்குள் எத்தனை வட்டைகள் (வயல்வெளிகள்) வெட்டி முடிந்துவிட்டன!

இப்படிப் போகிற நெல்லில் பெரும்பகுதி உலர்த்தும் இயந்திரமும் களஞ்சியமும் வங்கிக் கடனும் உள்ள பெரிய ஆலைகளுக்குச் சேர்கிறது. பொலன்னறுவையில் அப்படிப்பட்ட ஆலைகள் அதிகம். சிறுபோக (கோடைகாலப் பயிர்) நெல் ஆகஸ்ட், செப்டெம்பரில் வருகிறது. அதன் பிறகு அடுத்த பெரும்போகம் வரை புது நெல் இல்லை. நவம்பர், டிசம்பரில் நாடு சாப்பிடுவது யாரோ சேமித்து வைத்த நெல்லைத்தான். அரசாங்கத்தின் கையில் போதிய இருப்பு இல்லாதபோது, எப்போது, எவ்வளவு, என்ன விலைக்கு வெளியே விடுவது என்பதை நெல்லை வைத்திருப்பவரே தீர்மானிப்பார். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு 230 ரூபா உச்ச விலை போட்டார்கள். அரிசிதான் கடைக்கு வரவில்லை. கடைசியில் கிலோவுக்கு 65 ரூபா வரியோடு இறக்குமதி. உச்ச விலையை எழுதி ஒட்டுவது சுலபம். அதை நடைமுறைப்படுத்த அரசாங்கத்தின் களஞ்சியத்தில் நெல் கிடக்க வேண்டும்.

விளைச்சலே விழுந்த வருடமும் உண்டு. 2021 மே மாதம் ஒரே அறிவிப்பில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கியபோது பெரும்போகப் பயிர் வயலில் பசியோடு நின்றது. 2021இல் 50 இலட்சம் தொன்னைத் தாண்டிய நெல், 2022இல் ஏறக்குறைய 34 இலட்சம் தொன்னுக்கு இறங்கியது. அதே 2022இல்தான் எரிபொருள் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்றது. வாங்கிச் சாப்பிடலாமே என்கிறீர்கள். அந்த வருடம் எதைக் கொடுத்து வாங்கியிருப்போம்?

வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்த நாடுதான் இது. தோட்டப் பயிரை ஏற்றுமதி செய்து பர்மா அரிசி தின்ற காலத்தில், 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. கூப்பன் அரிசி (பங்கீட்டு அரிசி) வந்தது. 1952இல் சீனாவோடு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் கூப்பன் அரிசியைக் கொத்து (ஒரு முகத்தல் அளவு) 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியதும் ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் போயின, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பழங்கதை என்று நினைக்கவேண்டாம். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளைப் பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது, உங்கள் சிங்கப்பூரும் தனி அனுமதி கேட்டுத்தான் 50,000 தொன் பெற்றது.

சிங்கப்பூரிடம் நாங்கள் கற்கவேண்டியது வேறு. அங்கே புழுங்கல், வெள்ளை அரிசி இறக்குமதி செய்பவர், தன் மாத இறக்குமதியைப் போல இரண்டு மடங்கை அரசு குறித்த களஞ்சியத்தில் எப்போதும் வைத்திருக்கவேண்டும். அவசரத்தில் அரசு அதை எடுத்துக்கொள்ளும். நெல் விளையாத தீவு இருப்பை இப்படிக் கட்டிக் காக்கிறது. ஆளுக்கு வருடம் 100 கிலோவுக்கு மேல் சோறு தின்கிற, இரண்டு போகமும் விளைகிற எங்கள் தீவிடம் அப்படி ஒரு பிடி இல்லை.

ஆகவே நான் அரசாங்கத்திடம் கேட்பது இவ்வளவுதான். பெரும்போக விலையை டிசம்பருக்குள் சொல்லிவிடுங்கள். நெல் அதிகம் விளைகிற பகுதிகளின் கமநல சேவை நிலையங்களுக்கு (விவசாயிகளுக்கான அரச நிலையங்கள்) ஒரு உலர்த்தும் இயந்திரமும் களஞ்சியமும் கொடுங்கள். ஈர நெல்லையே வாங்கி, ஈரத்துக்குரிய எடையைக் கழித்து, அன்றே காசு கொடுங்கள். நெல்லைக் களஞ்சியத்தில் வைத்த விவசாயிக்கு அந்தச் சீட்டின் பேரில் வங்கி கடன் கொடுக்கட்டும். அப்படிச் சேர்த்த நெல்லை நவம்பரில் சிறிய ஆலைகளுக்கு விடுங்கள். பெரிய ஆலைகளோடு போட்டி போட முடியாமல் மூடிக் கிடக்கும் சிறிய ஆலைகள் கிழக்கிலும் வன்னியிலும் இருக்கின்றன. அவற்றுக்கும் அப்போது வேலை கிடைக்கும்.