மூக்குக்கண்ணாடி அணிபவர் எந்த பைனாகுலரை வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 58. அண்மையில்தான் பறவை பார்க்கத் தொடங்கினேன். விடிகாலையில் பள்ளிக்கரணைக்கும், சீசனில் வேடந்தாங்கலுக்கும் போய்வருகிறேன். எப்போதும் கண்ணாடி அணிபவன். கடைக்காரர் 10×50 வாங்கச் சொல்கிறார்; நண்பர் 8×42 போதும் என்கிறார்; இணையத்தில் மலிவு விலையில் 20-180×100 என்று ஒன்று கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடுவோம். பெருக்கல் குறிக்கு முன்னுள்ள எண், உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், பின்னுள்ள எண், முன்பக்க லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. 100 மி.மீ. லென்ஸ் இரண்டைப் பொருத்திய கருவியை முக்காலியில்தான் நிறுத்த முடியும், கழுத்தில் மாட்டிக்கொள்ள முடியாது. உள்ளங்கையில் அடங்கும் ஒன்றின் மேல் அந்த எண் அச்சிடப்பட்டிருந்தால் ஒரு ஸ்கேலால் லென்ஸை அளந்து பாருங்கள், போதும்.

மற்ற இரண்டில் உங்கள் நண்பர் சொல்வதே சரி. 10 மடங்கு பெரிதாக்கும் கருவி உங்கள் கைநடுக்கத்தையும் 10 மடங்கு பெரிதாக்கும் என்பதோடு, அதில் தெரியும் பரப்பும் சுருங்கிவிடுகிறது; சேற்றோரம் ஓடி ஓடி நிற்கும் உள்ளானைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்திருக்கும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை 10×50-க்குக் கூடுதல் ஆதாயம் ஏதுமில்லை. லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 10×50-இல் 5 மி.மீ., 8×42-இல் 5.25 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியக்கூடும், வயது ஏற ஏற அது குறைந்துகொண்டே வருவதால், உங்களுக்கு விடிகாலையிலும் இந்த அகலம் தாராளம்.

ஆனால் கண்ணாடி அணிபவர் முதலில் கேட்க வேண்டிய எண் இவை இரண்டுமல்ல. கண்ணை ஒட்டிவரும் பார்வை லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம்வரை தள்ளி இருந்தால் காட்சி வட்டம் முழுமையாகத் தெரியும் என்பதைச் சொல்லும் ‘ஐ ரிலீஃப்’ அளவே உங்களுக்கு முக்கியம். குறைந்த விலை 10×50 கருவிகள் பலவற்றில் இது 12 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுவதால், கண்ணாடியோடு பார்க்கும்போது வட்டத்தின் ஓரங்கள் கறுத்து, சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். 16 மி.மீ.க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். 17, 18 என்றால் நல்லது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருந்தால் ஃபோகஸ் சக்கரமே பெரும்பாலும் சரிசெய்துவிடும். ‘சிலிண்டர்’ பவர் கணிசமாக இருந்தால் அதனால் சரிசெய்ய முடியாது.

கடைக்கு உங்கள் கண்ணாடியோடே செல்லுங்கள். பார்வை லென்ஸ்களைச் சுற்றியுள்ள கண் வளையங்களை முழுவதும் கீழே இறக்கி, காட்சி வட்டத்தின் விளிம்பு சுற்றிலும் கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். புரோகிரசிவ் கண்ணாடியாக இருந்தால் அதன் மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். பிறகு கருவியைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானை நோக்கித் திருப்புங்கள். பார்வை லென்ஸ்களில் இரண்டு ஒளிப்பொட்டுகள் தெரியும். அவை சுத்தமான வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளிருக்கும் பட்டகம் மட்டமானது. கடைசியாகத் தொலைவிலுள்ள பெயர்ப்பலகை ஒன்றை இரண்டு நிமிடம் படியுங்கள். கண் இழுப்பதுபோலவோ எழுத்து இரட்டையாகவோ தோன்றினால் இரு குழல்களும் ஒரே திசையில் நிற்கவில்லை என்று பொருள். அந்தக் கருவியை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டு மாதிரிகள் சமமாகத் தோன்றினால் நைட்ரஜன் நிரப்பிய, நீர்புகாத ஒன்றை எடுங்கள். சென்னையின் ஈரப்பதத்தில் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்தால் லென்ஸில் பூஞ்சை படரும். காற்றுப்புகாத டப்பாவில் நீல நிற சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மணிகள் இளஞ்சிவப்பாக மாறும்போது அவற்றை மாற்றிவிடுங்கள்.