கோடைத் தரிசும் மான் கூட்டமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சத்தியமங்கலம் மலையடிவாரத்தில், காட்டை ஒட்டி எங்களுக்கு 6 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. கேழ்வரகும் கொள்ளும் அறுத்தபின் தை முதல் ஆடி வரை நிலம் சும்மாவே கிடக்கிறது. காட்டோரமாக ஒன்றரை ஏக்கரில் புதர் மண்டிவிட்டதால் அதில் உழவே இல்லை. அந்தப் பகுதியைப் புள்ளிமான்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று என் தந்தையார் விரும்புகிறார். அங்கே எந்தப் பயிரை விதைக்கலாம்?

பதில்: உங்கள் தந்தையாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காட்டோரத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் மானுக்காக ஒன்றரை ஏக்கரை ஒதுக்க முன்வருவது எளிதில் காணக்கூடியதன்று. ஆனால் விதைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்த நிலத்திலிருந்து எடுக்க வேண்டியதைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் புதர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் உண்ணிச்செடியாகத்தான் இருக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 1800களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட இது, இன்று முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர் காடுகளின் தரையை மூடிக் கிடக்கிறது. இதன் இலையில் அசைபோடும் விலங்குகளின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருப்பதால் மானும் மாடும் அதை ஒதுக்கிவிடுகின்றன. அதன் அடியில் புல்லும் வளர்வதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பச்சையாகத் தெரியும் அந்த ஒன்றரை ஏக்கர், பசியோடு வரும் மானுக்கு வெறும் தரைதான்.

இதை அரிவாளால் வெட்டிப் பயனில்லை. வெட்டிய தூரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி, கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை ஒன்று உண்டு. தூரைச் சுற்றி மண்ணைச் சற்று விலக்கி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே ஆணிவேரை மட்டும் வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். துளிர்க்கும் பகுதி மண்ணைத் தொடாமல் வெயிலில் காய்ந்துவிடும். மண்ணைப் பெரிதாகக் கிளறாததால் உள்ளே கிடக்கும் விதைகளும் ஒரேயடியாக முளைத்துவிடுவதில்லை. இயந்திரத்தைக் கொண்டு ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிளறப்பட்ட மண்ணில் அடுத்த மழைக்கு உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் போட்டி போட்டு வரும்.

காலம் மிகவும் முக்கியம். அறுப்பு முடிந்த கையோடு, மண்ணில் ஈரம் வற்றுவதற்குள் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போட்டால் மண் இறுகி, கடப்பாரைக்கும் மசியாது. காய்ந்த புதர்க் குவியல் காட்டுத்தீக் காலத்தில் காட்டின் வாசலில் கிடக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். எடுத்த தண்டுகளை வீணாக்க வேண்டியதில்லை. நீலகிரிப் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகங்களைச் சேர்ந்த கைவினைஞர்கள் இதே தண்டை வளைத்து, நிஜ யானையின் அளவிலேயே யானை உருவங்களைச் செய்திருக்கிறார்கள். நாற்காலியும் கூடையும் இதில் ஆகின்றன.

ஒன்றரை ஏக்கரையும் ஒரே ஆண்டில் மொட்டையாக்கிவிட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புள்ளிமான் திறந்த வெளியில் மேய்ந்து, புதரின் நிழலில் அசைபோடும் விலங்கு. வெளியும் புதரும் சந்திக்கும் ஓரமே அதற்குப் பிடித்த இடம். முதல் ஆண்டு பட்டை பட்டையாக மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். இலந்தை, சூரை, காரை போன்ற நம் மண்ணின் முட்புதர்கள் இடையில் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். ஓடைக்கரைப் புதரையும் கடைசி வரை விட்டுவையுங்கள், ஏனெனில் பிறந்த குட்டியைத் தாய் மறைத்து வைப்பது அத்தகைய இடங்களில்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயிர் எதுவும் வேண்டாம், புல் போதும். அக்கம்பக்கத்தில் இன்னும் நல்ல நிலையிலிருக்கும் மேய்ச்சல் தரையிலிருந்து கொழுக்கட்டைப் புல், ஊசிப்புல் ஆகியவற்றின் முற்றிய கதிர்களை மழைக்காலத்தின் முடிவிலேயே உருவிச் சேர்த்து வைத்து, சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கு முன் தூவுங்கள். அருகு தானாகவே வந்துவிடும். புல் பழுத்துக் காயும் மாதங்களில் மான் இலைக்கும் உதிர்ந்த பழத்துக்கும் பூவுக்கும் மாறிக்கொள்கிறது. மந்திகள் மரத்தின் மேலிருந்து கடித்துப் போடுவதைப் பொறுக்குவதற்காகவே மான் கூட்டம் அவற்றின் கீழே நிற்பதைக் காட்டில் பார்க்கலாம். ஆகவே நெல்லி, தான்றி, நறுவிலி, இலந்தை ஆகியவற்றின் கன்றுகளைக் காட்டோரமாக இருபது முப்பது நட்டு, முதல் மூன்று ஆண்டுகள் முள்வளையம் வைத்துக் காத்தால், பிறகு அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். பறவைகள் வந்து அமரும் மரங்களின் அடியில் உண்ணிச்செடிக் கன்றுகள் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். அவற்றை ஆண்டுக்கு இருமுறை கையால் பிடுங்கிவிட வேண்டும். இந்தப் பிடுங்கும் வேலையை விட்டுவிட்டால் நான்கைந்து ஆண்டுகளில் பட்ட பாடெல்லாம் வீண்.

இன்னொன்று: 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டின் விளிம்பில் இருக்கிறீர்கள். மானுக்கு நல்ல இடம் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் நல்ல இடமே. அந்த ஒன்றரை ஏக்கருக்கும் மற்றவர் வயலுக்கும் இடையில் போதிய தூரம் இருக்கிறதா என்று பார்த்து, பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் வனச்சரக அலுவலகத்திலும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வேலியைத் தாண்டி வனத்துறையின் நிலத்தில் ஒரு செடியைக்கூட அனுமதியின்றி எடுக்கக் கூடாது. வேலை செய்யும்போது உதிர்ந்த மான் கொம்பு கிடைத்தால், அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

கேள்வி: கோடையில் மான்கள் தண்ணீருக்கு அலைகின்றன. எங்கள் தோட்டத்தின் காட்டோர மூலையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் நிரப்ப எண்ணுகிறேன். சரியா?

பதில்: தவிக்கும் விலங்குக்குத் தண்ணீர் வைப்பதைத் தவறென்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் அதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் விலங்குகள் கூடிவிடும். அதைச் சுற்றியுள்ள புல் முதலில் அழியும், பிறகு மண் மிதிபட்டு இறுகும், நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் விலங்குகளுக்காக நூற்றுக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டினார்கள். அதனால் வறண்ட வடபகுதிக்குள் வரிக்குதிரைகள் பெருகின, அவற்றின் பின்னால் சிங்கங்கள் வந்தன, அங்கே உயரப் புல்லில் அமைதியாக வாழ்ந்துவந்த ரோன் என்னும் அரிய இரலைமான் இனம் 1980களின் இறுதியிலிருந்து வேகமாகக் குறைந்துபோனது. பிறகு பூங்கா நிர்வாகமே பல கிணறுகளை மூடியது.

ஆகவே ஒரு கிலோமீட்டருக்குள் இயற்கையான நீர்நிலை இருக்குமானால் தொட்டி வேண்டாம். அந்தக் காசில் உங்கள் நிலத்து ஓடையில் சிறு கல்தடுப்பணை போட்டு, பழைய குட்டையைத் தூர்வாருங்கள். அதற்கு ஏற்ற காலமும் கோடைதான். தொட்டியே கட்ட வேண்டிய நிலை என்றால், தட்டுப் போல ஆழமில்லாமலும், குட்டி விழுந்தாலும் நடந்து ஏறிவிடும்படி ஓரங்கள் சரிவாகவும் இருக்கட்டும். இதைவிட அவசரமான வேலை ஒன்று உங்கள் தோட்டத்திலேயே இருக்கக்கூடும். சுற்றுச்சுவர் இல்லாத பாசனக் கிணறு இருந்தால், தொட்டிக்கு வாங்கிய சிமெண்டில் முதலில் அந்தச் சுவரை எழுப்புங்கள். தண்ணீர் தேடி வந்து அப்படிப்பட்ட கிணறுகளில் விழுந்து சாகும் மான்களைப் பற்றிய செய்தி கோடைதோறும் வந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: தாளவாடிப் பக்கத்தில் பெரியவர்கள் முன்பு சருகுக்குத் தீ வைப்பார்கள், மழை பெய்ததும் இளம்புல் வந்து மான்கள் மேயும் என்று சொல்வார்கள். இப்போது செய்யலாமா?

பதில்: செய்யக் கூடாது. ஆனால் பெரியவர்கள் சொன்னது பொய்யன்று. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் கோடையின் தொடக்கத்திலேயே, சருகு மெல்லிதாக இருக்கும்போது, தரையோடு தவழ்ந்து அணைந்துவிடும் சிறு தீயை வைத்து வந்தார்கள். அதைத் தங்கள் மொழியில் தரகு பெங்கி என்றார்கள். அது தடைசெய்யப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்களுடைய உறுதியான கருத்து. அதை ஆய்வாளர்களும் மதித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அறிவை வனத்துறை காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்றே நானும் கருதுகிறேன். இன்று நிலைமை வேறு. ஆளுயரம் காய்ந்து நிற்கும் உண்ணிச்செடியில் பற்றும் தீ தரையில் நிற்காமல் அதையே ஏணியாக்கி மரத்தின் உச்சிக்கு ஏறிவிடும். அனுமதியின்றிக் காட்டில் தீ வைப்பது சட்டப்படியும் குற்றம். உங்கள் எல்லையில் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்குச் சருகைக் கூட்டி, மார்கழி, தை மாதங்களிலேயே தீத்தடுப்புக் கோடு போட்டு வையுங்கள். இளம்புல் வேண்டுமென்றால் முற்றிய புல்லை ஆங்காங்கே அறுத்துவிடுவதே போதும்.

கேள்வி: கோடியக்கரைச் சரணாலயத்தில் சீமைக் கருவேல மரங்களை எடுக்கிறார்கள். வெயிலில் மான்கள் ஒதுங்கும் நிழலை இப்படிப் பறிக்கலாமா? (வேதாரண்யம் வாசகி)

பதில்: அம்மா, அங்குள்ள மானின் பெயரையே சற்று எண்ணிப் பாருங்கள். வெளிமான் என்கிறோம்; பழைய தமிழில் புல்வாய் என்றார்கள். வெளியும் புல்லும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. புள்ளிமானைப் போலப் புதரில் மறைந்து தப்புவது அதன் வழக்கமன்று. எதிரியைத் தொலைவிலேயே கண்டு, மிக வேகமாக ஓடித் தப்பும் விலங்கு அது. ஆண் வெளிமான்கள் தம் எல்லையைப் புழுக்கைக் குவியலால் குறித்து, பெண்மான்களின் கண்ணில் படும்படி நிமிர்ந்து நிற்பதும் திறந்த புல்தரையில்தான். அந்தத் தரையைச் சீமைக் கருவேலம் மூடினால் பார்வை மறைகிறது, ஓட்டம் தடைபடுகிறது, புல்லும் போய்விடுகிறது. 1967இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தில் மனிதரால் விடப்பட்டுக் காட்டில் பெருகிய குதிரைகளும் அதே புல்லை மேய்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதில் வருத்தமான ஒன்று உண்டு. சீமைக் கருவேலக் காயை வெளிமான் விரும்பித் தின்கிறது. விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து, புல்வெளியின் நடுவிலேயே முளைக்கிறது. குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் இது ஆராயப்பட்டிருக்கிறது. தன் இருப்பிடத்தைத் தானே அழிக்கும்படி அந்த மான் ஆகிவிட்டது. எனவே காய் முற்றுவதற்கு முன்பே மரங்களை எடுப்பதும், வெட்டுவதோடு நில்லாமல் தூரோடு அகழ்வதும் சரியான வேலைதான். நிழலுக்கு உலக்கைப்பாலையும் உகாவும் அங்கே எப்போதும் இருந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தவற்றுக்கு ஈடாக அந்த மரங்களே மீண்டு வர வேண்டும். அகழ்ந்த குழிகளை மூடி, மழைக்கு முன் அங்கே உள்ளூர்ப் புல்விதை தூவப்படுகிறதா என்பதை நீங்கள் வனத்துறையிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உள்ளூர்க்காரர்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு வரும் மான்களுக்கு மிஞ்சிய சோறும் வாழைப்பழமும் வைக்கிறோம். நல்லதுதானே?

பதில்: தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். புல்லையும் இலையையும் மெல்ல நொதிக்கவைத்துச் செரிக்கும் வயிறு அதற்கு. சோறும் தானியமும் இனிப்பான பழமும் மிகுதியாகப் போனால் அங்கே அமிலம் பெருகி மான் இறந்துபோகும். சாப்பாட்டின் வாசனை ஒட்டிய நெகிழிப் பையையும் சேர்த்து அது விழுங்கிவிடுகிறது. அங்கே போடும் சோற்றுக்குத் தெருநாய்கள் கூடும், அவை முதலில் கடிப்பது மான்குட்டியைத்தான். சோறு வைக்கும் இடத்தைக் கூட்டிச் சுத்தப்படுத்தி, குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள்.