அலாய் பைப் வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கொதிகலன் பராமரிப்பில் கிழவனானவன் நான். கொழும்பில் பழைய சோனகத் தெருவுக்குப் பைப் வாங்கப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, கடைக்காரர் சொல்லும் ‘அலாய்’ பைப்புக்கும் சாதாரண பைப்புக்கும் என்ன வித்தியாசம்? (கொட்டாஞ்சேனை)

பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்புதான், தம்பி. அலாய் என்றால் உருக்கில் குரோமியம், மொலிப்டினம் என்ற உலோகங்களைக் கொஞ்சம் கலந்தது; சாதாரண பைப் காபன் உருக்கு. சூட்டில்தான் குணம் தெரியும். காபன் உருக்கு 425 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநாள் கிடந்தால் அதிலுள்ள காபன் கிராபைட்டாகப் பிரிந்து பைப் பலமிழக்கும். குரோமியம் அதைத் தடுக்கிறது. மொலிப்டினம், அழுத்தத்தில் பைப் மெல்ல மெல்ல நீண்டுகொடுப்பதைக் குறைக்கிறது.

எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் 10 பார் நீராவி. பி 11 என்ற அலாய் பைப் போடச் சொல்கிறார்கள். (இரத்மலானை)

வேண்டாம். அந்த அழுத்தத்தில் நிறைவுற்ற நீராவியின் சூடு 184 பாகை அளவுதான். ஏ 106 பி தரச் சாதாரண காபன் உருக்குப் பைப்பே தாராளம். மிஞ்சும் பணத்தில் ஒழுகும் ஸ்டீம் ட்ராப்களை (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வுகளை) மாற்றுங்கள்.

அப்படியானால் பி 11, பி 22, பி 91 எல்லாம் யாருக்கு ஐயா?

ஏ 335 என்ற அமெரிக்க அலாய் பைப் தரவரிசையில் பி 11 என்றால் 1.25 வீதம் குரோமியம், அரை வீதம் மொலிப்டினம். பி 22இல் 2.25 வீதமும் 1 வீதமும். இரண்டும் அனல்மின் நிலையங்களின் மிகைவெப்ப நீராவிக்கு. பி 5இல் குரோமியம் 5 வீதம். கந்தகம் அரிக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு உலைகளில் அதைக் காணலாம். பி 91இல் 9 வீதம்; கலப்பு கொஞ்சமாக உள்ள ‘குறை கலப்பு’ உருக்கு என்ற வரம்பை அது தாண்டிவிட்டது.

காபன் உருக்குக்கான 7018 வெல்டிங் குச்சியால் பி 22ஐ ஒட்டலாமா? (கிராண்ட்பாஸ் வெல்டர்)

ஒட்டும், நிலைக்காது. 9018 பி 3 குச்சி எடுங்கள். முதலில் 200 பாகைக்குச் சூடாக்கி, ஒட்டிய பின் 675க்கும் 760க்கும் இடையில் சூட்டுப்பதம் கொடுக்க வேண்டும். ஒரு தொழிற்சாலையில் அவசரம் என்று முன்சூட்டைத் தவிர்த்தோம். இரவு மழை வேறு. காலையில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்துப் பார்த்தபோது ஒட்டின் ஓரமாகச் சிவப்பு நூல்போல ஒரு கோடு எழுந்தது: வெடிப்பு. முழு ஒட்டையும் அரைத்தெடுத்தோம். அந்தச் சனிக்கிழமை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அலாய் பைப்புக்குக் கடற்காற்றில் கறல் பிடிக்காதாமே? (முகத்துவாரம்)

நன்றாகப் பிடிக்கும். கறல் பிடியாத உருக்குக்குக் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் வேண்டும். பெயின்ட் அடியுங்கள்.

குளிர் அறைக்கு, பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையில் எந்தப் பைப்?

குளிருக்கான ஏ 333 வரிசையில் 6ஆம் தரம். கீழே 45 வரை தாங்கும். ஆனால் அது காபன் உருக்குதான். 3.5 வீத நிக்கல் சேர்ந்த 3ஆம் தரம் கீழே 100 வரை போகும்.

ஏமாறாமல் வாங்குவது எப்படி?

பைப்பில் உள்ள தரத்தையும் உருக்குத் தொகுதி இலக்கத்தையும் (ஒரே தடவையில் உருக்கி வார்த்த உருக்குக்கு ஆலை இடும் எண்) ஆலைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி குரோமியத்தையும் மொலிப்டினத்தையும் காட்டும், காபனைக் காட்டாது. துண்டாக வாங்கினால் இலக்கம் உள்ள முனை முன்பே விற்றுப் போயிருக்கலாம். வெட்டுமுன் உங்கள் துண்டிலும் இலக்கத்தைப் பெயின்டால் எழுதச் சொல்லுங்கள். சோக்கு முதல் மழையோடு போய்விடும்.