நைட் ஷிஃப்ட்ல காணாம போன ஒரு மணி நேரம்

கேள்வி: நியூயார்க்ல இருக்கற ஒரு ஆஸ்பத்திரிக்கு பைத்தான் ப்ரோக்ராமிங் மொழில ஷிஃப்ட் சம்பளக் கணக்கு எழுதியிருக்கேன். டைம்ஜோன் எல்லாம் ஜோன்இன்ஃபோங்கற பைத்தானோட டைம்ஜோன் லைப்ரரி வெச்சு சரியா தான் போட்டிருக்கேன். ஆனா 2025 நவம்பர் 1 ராத்திரி 10 மணிக்கு வந்து மறுநாள் காலைல 6 மணிக்கு கிளம்பின நர்ஸுங்களுக்கு 8 மணி நேரம்னு காட்டுது, அவங்க 9 மணி நேரம்ங்கறாங்க. எது சரி?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நர்ஸுங்க சொல்றது தான் சரிம்மா. அங்க நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை விடியக்காலம் 2 மணி ஆனதும் கடிகாரத்த திரும்ப 1 மணிக்கு வெச்சிடுவாங்க, அதனால 1-லேருந்து 2 வரைக்கும் உள்ள நேரம் ரெண்டு தடவை வரும், அந்த ரெண்டு தடவையும் அவங்க வார்டுல நின்னுட்டு தான இருந்தாங்க.

உங்க கோடுல மாட்டினது இதுதான்: ஒரே டைம்ஜோன் போட்ட ரெண்டு டேட்டைம (தேதியும் நேரமும் சேர்ந்த மதிப்பு) கழிச்சா பைத்தான் அந்த ஜோனை பாக்கவே பாக்காது, சுவர் கடிகாரத்துல தெரியுற நம்பரை மட்டும் கழிச்சு 8-னு குடுத்துடும். எரர் எதுவும் வராது, அதான் எனக்கு இதுல ரொம்ப பயம். கழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் யூடிசிக்கு, அதாவது கடிகாரம் மாறாத உலகப் பொது நேரத்துக்கு மாத்துங்க, ராத்திரி 10 வந்து யூடிசில 2 மணி, காலைல 6 வந்து 11 மணி, 9 வந்துடும். 2025 மார்ச் 9 அன்னைக்கு இதுக்கு நேர் எதிர், 2 மணி ஆனதும் நேரா 3-க்கு தாவிடும், அந்த ராத்திரி ஷிஃப்ட் 7 மணி நேரம் தான்.

யாராவது அந்த நவம்பர் ராத்திரி 1:30-க்கு கிளம்பினா எந்த 1:30-னு கேள்வி வரும். அத பிரிச்சு சொல்ல டேட்டைம்ல ஃபோல்டுங்கற ஒரு குறி இருக்கு, முதலாவதுக்கு ஃபோல்டு 0, ரெண்டாவதுக்கு ஃபோல்டு 1, பைத்தான் 3.6-லேருந்து இருக்கு. ஆனா டேட்டாபேஸ்ல வெறும் 1:30-னு மட்டும் இருந்தா எந்த லைப்ரரியாலயும் கண்டுபிடிக்க முடியாது, அதனால பஞ்ச் பண்ற நேரத்த அப்பவே யூடிசில எழுதிடுங்க. அடுத்த மாச டூட்டி லிஸ்ட் மட்டும் வேற, அத உள்ளூர் நேரமாவும் ஜோன் பேராவும் வைங்க, ஏன்னா சட்டம் மாறினா யூடிசி கணக்கு தப்பாயிடும், 2007-ல அமெரிக்கா இந்த தேதிகளையே மாத்திச்சு.

நம்ம ஊர்ல கடிகாரம் மாறாது, இந்திய நேரத்துல டெஸ்ட் பண்ணா எல்லாம் பாஸ் ஆகும். மார்ச், நவம்பர் தேதி ரெண்டையும் நியூயார்க் ஜோன்ல டெஸ்டா எழுதிடுங்க. பழைய நவம்பர் ரெக்கார்டையும் திரும்ப ஓட்டி பாருங்க, அந்த ஒரு மணி நேர சம்பளம் இன்னும் எத்தனை பேருக்கு பாக்கி நிக்குதோ.