ஓட்டமும் பட்டமும்: ஒரு மாணவியின் கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இப்போது பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1500 மீட்டர் ஓடுகிறேன். காலை 4.15க்கு எழுந்து முதல் பேருந்தைப் பிடித்தால்தான் 6 மணிப் பயிற்சிக்குப் போய்ச் சேர முடியும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் பயிற்சி. வீடு திரும்ப 8 மணி ஆகிவிடும். ரெக்கார்டு நோட்டு எழுதிவிட்டுப் படுக்கும்போது 11.30.

சென்ற செமஸ்டரில் பல்கலைக்கழக முகாமுக்கும் போட்டிக்கும் போயிருந்தபோது ஓர் உள்மதிப்பீட்டுத் தேர்வும் இரண்டு செய்முறை வகுப்புகளும் தவறிவிட்டன. வருகைப் பதிவும் குறைந்துவிட்டது. "ஓட்டமா, பட்டமா, ஒன்றை முடிவு செய்" என்று துறைத்தலைவர் சொன்னார். பயிற்சியாளரோ, "படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இந்த வயது திரும்ப வராது" என்கிறார். பால் சொசைட்டியில் வேலை செய்யும் அப்பா எதுவும் சொல்வதில்லை; அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இவ்வளவு பாடுபட்டும் போன ஆண்டைவிட 8 விநாடி அதிகம் எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் கண் சொருகுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. எதை விடுவது என்று சொல்லுங்கள். பெயர் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

இரண்டில் எதையும் இப்போது விட வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் இன்று நீ நடத்திக்கொண்டிருக்கும் விதத்திலேயே தொடர்ந்தால், இன்னும் ஓர் ஆண்டில் இரண்டுமே உன் கையைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருக்கிறது.

முதலில் உன் உடம்பைப் பற்றிப் பேசுவோம். 11.30க்குப் படுத்து 4.15க்கு எழுந்தால் நாலே முக்கால் மணி நேரத் தூக்கம். நாளுக்கு இரு வேளை ஓடும் ஒரு பெண்ணுக்கு இது போதவே போதாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி வீரர்களைச் சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு 10 மணி நேரம் படுக்கையில் இருக்கும்படி செய்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2011இல் வெளியான அதன் முடிவுப்படி, அவர்களின் ஓட்ட வேகமும் கூடியது, கூடையில் பந்தைப் போடும் துல்லியமும் கூடியது. கூடுதல் பயிற்சி எதையும் அதற்காக யாரும் புகுத்தவில்லை. நீ அதற்கு நேர் எதிரான சோதனையை உன் உடம்பின்மீதே நடத்திக்கொண்டிருக்கிறாய். அந்த 8 விநாடியில் பெரும் பங்கு அதன் விளைவாகத்தான் இருக்கும். மனவுறுதி குறைந்துவிட்டதாக உன்னை நீயே குற்றம் சொல்லிக்கொள்ளாதே.

படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறாய். நெடுந்தூரம் ஓடும் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு மிகவும் சாதாரணமாக வரும் ஒன்று. மாதவிடாயிலும் வியர்வையிலும் இரும்புச்சத்து போகிறது. ஒவ்வோர் எட்டிலும் பாதம் தரையில் மோதுவதாலும் சிறிதளவு சிவப்பணுக்கள் சிதைகின்றன. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று கணக்கு. ஆனால் அது 12க்கு மேலே இருக்கும்போதே உடம்பின் சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேள், மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல். அவரைக் கேட்காமல் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். உணவோடு சேர்த்து டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரமாவது தள்ளிவை, ஏனென்றால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும். காலைப் பயிற்சி முடிந்து வகுப்புக்குள் நுழைவதற்குள் அவித்த கடலைக்காயோ முட்டையோ வாழைப்பழமோ வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். கடலை விளைகிற உங்கள் ஊரிலிருந்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போவது பெரிய செலவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். துறைத்தலைவர் பட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார், பயிற்சியாளர் பதக்கத்தைப் பார்த்துப் பேசுகிறார். இருவரும் உன் நன்மைக்காகவே பேசினாலும், இருவர் கையிலும் இருப்பது அவரவர் நாட்காட்டி மட்டுமே. இரண்டு நாட்காட்டிகளையும் ஒரே மேசைமேல் விரித்துப் பார்க்கும் ஆள் உன் கல்லூரியில் இல்லை, அதனால் அந்த வேலையும் இரவு 11 மணிக்கு உன் தலையில் விழுகிறது. உன் சிக்கலின் வேர் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். படிப்பையும் ஓட்டத்தையும் ஒவ்வொரு நாளும் சரிபாதியாக நடத்த யாராலும் முடியாது. ஆண்டுக் கணக்கில்தான் அவற்றைச் சமன்செய்ய முடியும். எந்த வாரங்களில் ஓட்டம் விட்டுக்கொடுக்கும், எந்த வாரங்களில் படிப்பு விட்டுக்கொடுக்கும் என்பது செமஸ்டர் தொடங்கும்போதே எழுத்தில் இருக்க வேண்டும்.

வருகைப் பதிவையே எடுத்துக்கொள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால், 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதிப்படி நீ வராமல் இருக்கக்கூடியது 22 நாள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, பல்கலைக்கழகத் தேர்வு, முகாம், அனைத்திந்தியப் போட்டி, நடுவில் ஒரு காய்ச்சல் என்று வந்தால் அந்த 22 நாள் எந்த மூலைக்குக் காணும்? முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் 2020இல் புவனேசுவரத்தில் நடந்தன. பாலக்காட்டிலிருந்து அவ்வளவு தூரம் போய்வரும் ரயில் பயணம் மட்டுமே சில நாட்களைத் தின்றுவிடும். பல்கலைக்கழகத்துக்காக ஓடப்போன நாட்களை டியூட்டி லீவாக, அதாவது வகுப்புக்கு வந்த நாட்களாகவே, கணக்கிட வழி இருக்கிறது, ஆனால் அது தானாக நடக்காது. அணிப் பட்டியலில் உன் பெயர் வந்த அன்றே, அந்த உத்தரவின் நகலை இணைத்து, உடற்கல்வித் துறை வழியாக முதல்வருக்கும் துறைத்தலைவருக்கும் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, கொடுத்த தேதியோடு ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். தவறப்போகும் செய்முறை வகுப்புகள் எவை, அவற்றை வேறு பிரிவு மாணவர்களோடு எந்த நாளில் செய்துமுடிக்கலாம், உள்மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி எப்போது எழுதலாம் என்பதை அந்த விண்ணப்பத்திலேயே நீ முன்மொழிய வேண்டும். ஊர் திரும்பியபின் தயங்கித் தயங்கிக் கேட்கும்போதுதான் அது சலுகையாகத் தெரிகிறது.

தேர்வு வாரங்களில் ஓட்டம் விட்டுக்கொடுக்கலாம் என்றால் பயிற்சியாளர் பதறக்கூடும். தூரத்தைப் பாதிக்கு மேல் குறைத்தாலும், வாரத்தில் ஓரிரு நாள் வேகப் பயிற்சியை விடாமல் வைத்திருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் ஓட்டத் திறன் பெரிதாக இறங்காது என்பது பயிற்சியறிவு உள்ள எவருக்கும் தெரிந்ததே. பெரிய போட்டிக்கு முன்பு அவர்களே அதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று, 1500 மீட்டர்காரர்களின் பயிற்சியில் பெரும்பகுதி நிதானமான ஓட்டம். அதற்குச் செயற்கைத் தடம் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மாலைகளிலாவது வகுப்பு முடிந்ததும் நேரே ஊருக்கு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே கால்வாய்க் கரை வழியில் ஓடி முடித்துவிட்டால், அந்த இரவுகளில் 9.30க்குப் படுத்துவிடலாம். தனியாக ஓட வேண்டாம். அப்பா தம் வண்டியில் பின்னால் வரட்டும். வாய் திறந்து ஒன்றும் சொல்லாத அவருக்கு, உனக்காகச் செய்ய ஒரு வேலை கிடைத்தால் அது ஆறுதலாகவும் இருக்கும்.

எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள ஒரு சுமையை நீ எழுதவில்லை, ஆனால் எனக்கு அது தெரியும். பன்னிரண்டு ஆண்டு தமிழில் வேதியியலும் கணக்கும் படித்துவிட்டு, ஆங்கிலப் பாடநூலை மலையாளத்தில் விளக்கும் வகுப்பில் போய் உட்காரும் பிள்ளைக்கு, ஒரு நாள் வகுப்பு தவறினால் மற்றவர்களுக்கு இரண்டு நாளில் சரியாவது நான்கு நாளாகிறது. தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வதால் மட்டும் அது தீராது. முகாமுக்குப் போகுமுன், அந்த நாட்களில் நடக்கவிருக்கும் பாடப் பகுதி எது என்று ஆசிரியரிடம் கேட்டு, அதிலுள்ள சொற்களுக்கு மட்டும் தமிழில் பொருள் குறித்து ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல். ரயிலில் அதைப் புரட்டினால் போதும். வகுப்பை ஒலிப்பதிவு செய்துதரத் தோழி சம்மதித்து ஆசிரியரும் இசைந்தால் இன்னும் நல்லது.

படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை நான் ஏற்கவில்லை. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீடு வயது வரம்பைத்தான் தளர்த்துகிறது, கல்வித் தகுதியைத் தளர்த்துவதில்லை. பட்டம் கேட்கும் பதவிக்குப் பட்டம் இருந்தே ஆக வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஓடியதற்குப் படிவம் 3 என்ற சான்றிதழ் உண்டு. அதைப் பல்கலைக்கழகத்தில் உரியவரிடம் கையெழுத்தாக்கி அந்தந்த ஆண்டே வாங்கி வைத்துவிடு. அதே போல் ஓட்டத்தை விட்டுவிடு என்பதையும் நான் ஏற்கவில்லை. ஒரு தாளைச் சப்ளிமெண்டரியில் எழுதிக்கொள்ளலாம், அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. பல்கலைக்கழக அணியில் ஓடுவதற்கு வயது வரம்பு உண்டு, அதை எந்தச் சப்ளிமெண்டரியாலும் மீட்க முடியாது.

இரண்டும் சேர்ந்து நடந்ததற்கு உன் கண்முன்னே ஆள் இருக்கிறார். பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 2022இல் நீளம் தாண்டுதலில் வெள்ளி வென்ற ஸ்ரீசங்கர், பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் கணிதம் படித்தவர். அவருடைய தந்தையும் தாயும் தடகள வீரர்கள், தந்தையே பயிற்சியாளர்; வீட்டிலேயே இரண்டு நாட்காட்டியும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதே போட்டியில் உயரம் தாண்டுதலில் வெண்கலம் வென்ற தேஜஸ்வின் சங்கர், டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் படித்துக்கொண்டே 2018இலும் 2022இலும் அந்நாட்டுக் கல்லூரி சாம்பியன் ஆனவர். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, போட்டிப் பருவத்தில் பயிற்சி நாளுக்கு 4 மணி நேரத்தையும் வாரத்துக்கு 20 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அங்கும் விதியை மீறிச் சுமை ஏற்றுகிறார்கள், எளிதான பாடங்களை எடுக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்ற புகார்கள் நெடுங்காலமாக உண்டு. ஆனாலும் ஒரு மாணவியின் வாரத்துக்கு எல்லை உண்டு என்பதாவது எழுத்தில் இருக்கிறது. பேருந்து நேரம் சேராமலேயே உன் வாரக் கணக்கு 24 மணி.

இதைப் படிக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள். தேர்வுக் கண்காணிப்புக்கு நின்ற ஒரு காலையில், கைப்பந்து விளையாடும் பெண் ஒருத்தி ரயிலிலிருந்து இறங்கி நேராகத் தேர்வறைக்கு வந்தாள். முழங்கால் பட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, விடைத்தாளில் தன் பதிவெண்ணை இரண்டு முறை தவறாக எழுதி அடித்துவிட்டு, மூன்றாவது முறை என்னிடம் கேட்டு எழுதினாள். அவள் வென்ற கோப்பை அதற்குள் முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரிக்குப் போயிருந்தது. ஒதுக்கீட்டில் இடம் கொடுத்து ஒரு மாணவியைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிக்கு, அவள் போட்டி நாட்களையும் தேர்வு நாட்களையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக நியமிக்கும் கடமை இருக்கிறது. அதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

மகளே, இந்த வாரமே இந்த செமஸ்டரின் பாடத் தேதிகளையும் போட்டித் தேதிகளையும் ஒரே தாளில் எழுது. துறைத்தலைவரையும் பயிற்சியாளரையும் தனித்தனியே பார்க்காமல் ஒரே நேரத்தில் பார்க்க அனுமதி கேள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுது. அவர்கள் விண்ணப்பத்தை வாங்க மறுத்தால் அதையும் எழுது. உன் கல்லூரி முதல்வருக்கு என் பெயரிலேயே ஒரு கடிதம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா