பல்லி ஆராய்ச்சி சோறு போடுமா?

“பல்லி முட்டையிடுவதற்கும் அதன் செல்கள் கிழடு தட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆராயப் போகிறாளாம் மகள். இதைப் படித்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?” என்று கேட்கிறீர்கள், அம்மா. நியாயமான கவலைதான். அவள் எதில் இறங்கப் பார்க்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குரோமோசோமின் முனைகளில் டெலோமியர் என்றொரு காப்புப் பகுதி உண்டு. செல் பிரியப் பிரிய அது தேயும். ரொம்பத் தேய்ந்தால் செல் மேற்கொண்டு பிரிய முடியாமல் கிழடு தட்டும். டெலோமியர் குறித்த கண்டுபிடிப்புக்குத்தான் 2009இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இனப்பெருக்கத்துக்குக் கொட்டும் சக்தி, உடம்பைப் பழுதுபார்க்க வேண்டிய சக்தியிலிருந்து போகிறதா, அதனால் டெலோமியர் சீக்கிரம் தேய்கிறதா என்பதுதான் கேள்வி.

ஊர்வன இதற்குத் தோதான பிராணிகள். மடகாஸ்கரின் லபார்ட் பச்சோந்தி, முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதம் கிடக்கும். வெளியே வந்தால் நாலைந்து மாதம்தான், அதற்குள் வளர்ந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். சில ஆமைகளோ பல பத்தாண்டுகள் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். கலிஃபோர்னியாவின் ஈகிள் ஏரிப் பக்கத்தில் ஒரே இனக் கார்ட்டர் பாம்பு இரண்டு விதமாக வாழ்கிறது: கரையோரத்தில் இருப்பவை மளமளவென்று வளர்ந்து, நிறையக் குட்டி போட்டு, சீக்கிரம் சாகும், மலைப் புல்வெளியில் இருப்பவை நிதானமாக வளர்ந்து, குறைவாகப் பெற்று, அதிக நாள் வாழும். இன்னொரு வசதி, ஊர்வனவின் ரத்தச் சிவப்பணுவில் உட்கரு உண்டு. ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலே டிஎன்ஏ கிடைத்துவிடும். பிராணியை விட்டுவிட்டு அடுத்த பருவத்தில் அதையே மறுபடி பிடிக்கலாம்.

ஆனால் பதில் அவ்வளவு லேசில் சிக்காது. நன்றாகத் தின்று கொழுத்த பெட்டை, முட்டையும் அதிகம் இடும், டெலோமியரும் நீளமாக வைத்திருக்கும். வெறுமனே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். முட்டைகளின் எண்ணிக்கையைச் செயற்கையாகக் குறைத்துப் பார்க்கும் சோதனைகள் அதனால்தான் தேவைப்படுகின்றன. இனத்துக்கு இனம், ஆண் பெண்ணுக்கு ஏற்பவும் முடிவு மாறுகிறது.

சரி, வேலை? ‘பல்லி முதுமை நிபுணர் தேவை’ என்று யாரும் விளம்பரம் கொடுக்கமாட்டார்கள். ஆனால் கொரோனா காலத்தில் எல்லாருக்கும் பழகிப்போன அந்த பிசிஆர் வேலையை, அதாவது டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் முறையை, டெலோமியர் நீளம் பார்ப்பதற்காக அவள் கையால் செய்து கற்பாள். ஒரே உயிரை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்த தரவை அலசும் புள்ளியியலும் கற்பாள். நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் மருந்துச் சோதனைகளில் இதே கணக்குதான். பிராணிகள் மேல் ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் பலர் புள்ளியியலை அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். வேலை தேடும்போது அடிபடுவது அங்கேதான். அவளுக்கு அது வேப்பங்காய் என்றால் இந்தத் துறை வேண்டாம் என்றே சொல்வேன்.

அப்புறம் ஒரு விஷயம். ஆமையின் முதுமையை ஐந்து வருட பிஎச்.டி.க்குள் பார்த்து முடிக்க முடியாது. அடையாளமிட்டுப் பல ஆண்டுகளாகக் கண்காணிக்கும் பிராணிக் கூட்டம் அந்தக் குழுவிடம் இருக்கிறதா, பழைய ரத்த மாதிரிகளை உறையவைத்துப் பாதுகாத்திருக்கிறார்களா, உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி என்று சேருவதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள். வழிகாட்டியிடம் மட்டுமல்ல, அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடமும்.